பலகை எழுத்தாளர்

எழுத்தால் பிழைப்பவர்கள் மூவகையினர். அலுவலகத்தில் பேரேடு எழுதும் நம் போன்றோருக்கு எழுத்தர் என்று பெயர். கதையும் கட்டுரையும் எழுதுவோர் எழுத்தாளர். இவ்விரு சாராரும் எழுதுவது சொற்களையே. மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் எழுதுவது எழுத்தையே. ஒரு 'க' எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், 'ழ'வின் வால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அவருடைய கவலை. அவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பெயிண்டர். கதவுக்கும் சன்னலுக்கும் வர்ணம் பூசுகிறவருக்கும் அதே பெயர்தான் என்பதை நாம் யோசித்துப் பார்த்ததில்லை.

இம்மாதம் அவரைப் பற்றி எழுத வேண்டிய கடமை நமக்கு நேர்ந்திருக்கிறது. கடமை என்பது ஒப்புக்குச் சொல்லும் வார்த்தை அன்று. அத்தொழிலைச் செய்யும் பெரியவர் ஒருவருக்கு நம்மால் ஒரு நாள் கூலி நஷ்டமாயிற்று. அக்கதையைப் பின்னால் கூறுவோம்.

பெரியவர் விருதுநகர்ச் சீமைக்காரர். சைனிக்புரியில் நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறார். அந்தப் பக்கத்து வழக்கப்படி நாம் அவரை அண்ணாச்சி என்போம். அவர் நம்மைத் தம்பி என்பார். பன்னிரண்டாம் வயதில் ஊரில் ஒரு பலகைக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகள் டப்பா கழுவி, பிரஷ் துடைத்து, கோடு போடுவதற்கு நூல் பிடித்துக்கொண்டிருந்த பிறகே ஓர் எழுத்தை எழுத விட்டார்களாம். பின்பு சென்னை, சென்னையில் சினிமா. தெலுங்குப் படத்தொழில் சென்னையை விட்டுச் சிறிது சிறிதாக ஐதராபாத்துக்குப் பெயர்ந்தபோது அதனோடு தச்சரும் வர்ணக்காரரும் பெயர்ந்தனர். சாரதி ஸ்டூடியோ 1950களிலேயே இங்கு எழுந்துவிட்டது. அக்கினேனி நாகேசுவர ராவ் அன்னபூர்ணா ஸ்டூடியோவை 1970களில் நிறுவினார். அண்ணாச்சி வந்து சேர்ந்தது அதற்கும் பின்னால்.

பட வேலை இல்லாத நாட்களில் செகந்திராபாத் கடைவீதிகளில் பலகை எழுதினார். அதற்காகத் தெலுங்கு எழுத்தைக் கற்றார். மொழி பிறகுதான் வந்தது. "தமிழ் எழுத்தை நிறுத்தி வைக்கணும் தம்பி, தெலுங்கு எழுத்தை உருட்டி விடணும்" என்பார். தமிழில் 'ப', 'ட', 'ம' முதலியன சுவர் எழுப்புவது போலக் குத்துக்கோடும் படுக்கைக் கோடுமாக நிற்பவை. தெலுங்கிலோ மூலை என்பதே அருமை; எல்லாம் வட்டம், வட்டத்தின் தலையில் தலகட்டு என்னும் ஒரு சிறு கீற்று. அக்கீற்றை ஒரு நூலளவு சாய்த்துவிட்டால் கடைக்காரர் எதிர்ச்சாரியில் நின்று கண்டுபிடித்துவிடுவாராம்.

2000ஆம் ஆண்டையொட்டிப் பிளெக்ஸ் இயந்திரம் வந்தது. அண்ணாச்சி இரண்டு நாள் எழுதும் பலகையை அது அரை மணியில் துப்பிற்று. கடைக்காரரின் முகமும் அவருடைய மாமனார் முகமும் கூட அதில் வண்ணத்தில் வந்தன. அதன் பிறகு யார் எழுத்தைத் தேடுவார்கள்? நம் ஊர்ப்பக்கத்திலும் இதே கதைதான். எம்.எப். ஹுசேன் இளமையில் பம்பாயில் சினிமாப் படுதா வரைந்து பிழைத்தவர் என்பதைப் பெரிய இடத்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்லுவார்கள். உருவம் வரைந்தவருக்கேனும் அப்படி ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் படுதாவின் அடியில் 'தினசரி 3 காட்சிகள்' என்று எழுதிய கையை யார் அறிவார்? தில்லியில் ஹனீப் குரேஷி என்ற கலைஞர் ஒருவர் மட்டும் தெருவோரப் பெயிண்டர்களைத் தேடிச் சென்று அவர்களுடைய எழுத்து வகைகளை வாங்கிக் கணினி எழுத்துருக்களாகச் சேமித்தார். எழுதியவர் பெயரையே எழுத்துருவுக்கும் இட்டார். அப்புண்ணியவான் 2024 செப்டம்பரில் இளவயதிலேயே காலமானார்.

தெருவிலிருந்து விரட்டப்பட்ட அத்தொழிலுக்கு ஒரே ஒரு புகலிடம் மிஞ்சிற்று. அது பொய்த் தெரு.

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் சார்மினார், கோல்கொண்டா, ராமோஜி திரைப்பட நகரம் ஆகிய மூன்றையும் காட்டியாக வேண்டும் என்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு விதிக்கப்பட்ட நியதி. நாமும் பலமுறை வெளிவட்டச் சாலையில் சுற்றிப் பெத்த அம்பர்பேட்டையில் இறங்கிப் போயிருக்கிறோம். ராமோஜி ராவ் 1996ல் திறந்த அந்நகரம் 1,666 ஏக்கர் பரப்புள்ளது. உலகத்திலேயே பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் நூலில் ஏறியது. அங்கே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. நம் விருந்தினர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக் கொள்ளும்போதெல்லாம் நமக்கு ஒரு பொறாமை உண்டாகும். வண்டி தாமதம் என்று யாரும் புகார் கூற முடியாத நிலையம் இந்தியாவில் அது ஒன்றே. இன்று அது வட நாட்டு நிலையம், நாளை தமிழ்நாட்டு நிலையம். மாறுவது பெயர்ப்பலகைதான்.

இவ்விஷயத்தில் புலம்பெயர்ந்த நமக்கு ஒரு தனி அக்கறை உண்டு. 1987ல் வெளிவந்த 'நாயகன்' படத்துக்காகப் பம்பாய்த் தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவுக்குள் கட்டினார் தோட்டா தரணி. அதற்குத் தேசிய விருதும் பெற்றார். பம்பாய்த் தமிழர்களின் குடியிருப்பு சென்னையில் எழுந்தது அன்று. தமிழ்நாட்டுக் கிராமங்களும் கடைவீதிகளும் ஐதராபாத்தில் எழுவது இன்று. 'விசுவாசம்' (2019), 'அண்ணாத்த' (2021) முதலிய படங்களின் சில பகுதிகள் ராமோஜி நகரில்தான் எடுக்கப்பட்டன. இப்படிக் கட்டும் ஊர்களுக்கெல்லாம் தேநீர்க் கடைப் பலகையும், உரக்கடைப் பலகையும், கூட்டுறவுச் சங்கப் பலகையும் வேண்டும். அவை தமிழில் இருக்க வேண்டும். அரசர் கதைப் படங்களே அண்ணாச்சிக்குப் பிடிக்காதவை. 'பாகுபலி'யின் மகிழ்மதியில் அத்தனை மாளிகை இருந்தும் ஒரு மளிகைக் கடைப் பலகை உண்டா என்று கேட்பார்.

செட்டில் பலகை எழுதுவது தெருவில் எழுதுவது போல் அன்று. தெருவில் எனாமல் பளபளக்க வேண்டும்; செட்டில் பளபளத்தால் விளக்கு அதில் பட்டுக் கண்ணைக் குத்தும். ஆகையால் மங்கலாக்கித் தீட்ட வேண்டும். தூய வெள்ளை கூடாது. சிறிது காவியோ மஞ்சளோ கலந்து அடக்க வேண்டும். எழுதி முடித்த பின்தான் பாதி வேலை. உப்புக் காகிதத்தால் தேய்த்து, தேயிலைச் சாயம் தெளித்து, ஆணியடித்த இடத்தில் துரு வழிந்தாற்போல் ஒரு கோடு இழுத்து, நேற்றுப் பிறந்த பலகைக்கு நாற்பது வயது ஏற்ற வேண்டும். தம் எழுத்தைத் தாமே தேய்க்கும் அந்த நேரத்தில் அண்ணாச்சி யாருடனும் பேச மாட்டார். சண்டைக் காட்சியில் உடைய வேண்டிய பலகையானால் தெர்மோகோலில் அதே எழுத்தை மூன்று படி எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒன்று போலவே இருக்க வேண்டும், இரண்டாவது தடவை எடுக்கும்போது எழுத்து இடம் மாறியிருக்கக் கூடாதல்லவா? உண்மையான கம்பெனிப் பெயர் எழுதினால் வழக்கு வரும். எனவே இல்லாத பெயரை இருப்பது போல் எழுத வேண்டும். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தைக் குறைத்துவிடுவது அண்ணாச்சியின் வழக்கம். அமெரிக்கப் படங்களில் இதற்கென்றே 555 என்று தொடங்கும் எண்களை வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு ஹாலிவுட்டில் செட்டுக்கு வர்ணம் தீட்டுவோருக்கும் பலகை எழுதுவோருக்கும் தனித் தொழிற்சங்கக் கிளையே உண்டு. அதன் எண் 729. இங்கே அண்ணாச்சிக்கு நாட்கூலிதான். 2025 ஆகஸ்டில் தெலுங்குப் படத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த நாட்களில் அவர் பக்கத்துப் பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் எழுதிக்கொண்டிருந்தார். அதற்குக் கூலி ஒரு வேளைச் சாப்பாடு.

எல்லாவற்றிலும் கடினமானது ஆண்டுக் கணக்கு. கதை 1955ல் நடந்தால் தேநீர்க் கடைப் பலகையில் விலை அணாவில் இருக்க வேண்டும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் முதல் தேதி. 1970ல் நடந்தால் கடை முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருக்கக் கூடாது. அது 1972 ஆகஸ்டு 15ல்தான் பிறந்தது. அரசாங்க அலுவலகப் பலகை எழுதும்போது, மாநிலத்தின் சட்டப்பூர்வப் பெயர் 1969 சனவரி 14ல்தான் தமிழ்நாடு ஆயிற்று என்பதை நினைவில் வைக்க வேண்டும். அன்றுவரை அது மதராஸ் மாநிலம். நிறை, அளவு எல்லாம் 1958 முதல் படிப்படியாகத்தான் மெட்ரிக் முறைக்கு மாறின. எனவே கிலோ என்று எழுதுமுன் ஒரு கணம் நிற்க வேண்டும். நம் துறையில் கேட்டால், தென்னக ரயில்வே என்பதே 1951 ஏப்ரல் 14ல் உண்டானது. அதற்கு முன் அந்தத் தடங்கள் வேறு பெயர்களில் இருந்தன. இவற்றையெல்லாம் அண்ணாச்சி ஒரு பழைய டைரியில் குறித்து வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஒருமுறை 1960களின் கடைத்தெருவுக்கு 'மிலிட்டரி ஓட்டல்' என்று பலகை எழுதியபோது, இவ்வூர்ப் பையன் ஒருவன் இது பட்டாளத்துக் கேண்டீனா என்று கேட்டானாம். இறைச்சிச் சாப்பாட்டுக் கடைக்கு நம் நாட்டில் அந்தப் பெயர் என்று அவர் விளக்கியிருக்கிறார். சைனிக்புரிப் பக்கம் வசிப்பவன் கேட்கத் தகுந்த கேள்விதான்.

இனி நம் கதைக்கு வருவோம்.

சென்ற ஆண்டு நகருக்கு வெளியே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் தமிழ்ப் படம் ஒன்றுக்கு ரயில் நிலையம் அமைத்தார்கள். கதை நடக்கும் ஆண்டு 1962. நிலையத்தின் பெயர் ஆனைமலை ரோடு. பொள்ளாச்சிப் பக்கம் உண்மையாகவே உள்ள பெயர். பலகை அண்ணாச்சியின் பொறுப்பு. நம் துறையாயிற்றே என்று நாமும் தேநீர்க் கடையில் நின்றபடி ஆலோசனைகளை வாரி வழங்கினோம். மஞ்சள் தரை, கறுப்பு எழுத்து; மேலே மாநில மொழி, அதற்கடுத்து ஹிந்தி, அதற்கடுத்து ஆங்கிலம் என்று சட்டம் பேசினோம். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அவருக்குத் தெரியாதது எதையும் நாம் கூறவில்லை என்பது இப்போது விளங்குகிறது.

இரண்டு நாள் கழித்து, அலுவலகத்தில் காலாண்டுக் கணக்குத் தலைக்கு மேல் இருந்த வேளையில், கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் அப்படத்தின் உதவி இயக்குநர்களில் ஒருவர், இருபத்தைந்து வயதுத் தமிழ்ப் பிள்ளை. 'ஆனைமலை' என்பதில் இரண்டு எழுத்து விநோதமாக இருக்கிறது, பெயிண்டர் பிழை செய்துவிட்டாரா, ரயில்வேக்காரரான தாங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். பார்த்தோம். 'னை'யிலும் 'லை'யிலும் முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறியைக் காணோம். அதற்குப் பதிலாக எழுத்தின் தலையிலேயே, யானை துதிக்கையைத் தூக்கினாற்போல், ஒரு வளைவு ஏறி நின்றது. (நம் இதழ் கணினியில் அச்சாவதால் அவ்வடிவத்தை இங்கே காட்ட இயலவில்லை.) நாம் அரை நிமிடமும் யோசிக்கவில்லை. 'பிழைதான், திருத்தி எழுதச் சொல்லவும்' என்று பதில் போட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டோம்.

அன்று இரவு அண்ணாச்சி இரண்டு எழுத்தையும் சுரண்டி, தரைக்கு மஞ்சள் அடித்து, காயவைத்து, மறுபடி எழுதி, மறுபடி தேய்த்து, மறுபடி வயது ஏற்றினார். விடியற்காலை நான்கு மணி ஆயிற்றாம். தாம் செய்த பிழையைத் தாமே திருத்தியதற்குக் கூலி இல்லை என்று கணக்குப் பார்ப்பவர் கூறிவிட்டார்.

நாம் இதை அறியாமல் ஒரு மாதம் நிம்மதியாக இருந்தோம். பொங்கலுக்கு ஊருக்குச் சென்றபோது பாட்டியின் தகரப் பெட்டியை ஒழித்துக் கொடுக்க நேர்ந்தது. அதில் பாட்டனார் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையிலிருந்து எழுதிய தபால் கார்டுகள் ஒரு கட்டு இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஊர்ப் பெயர். ஒவ்வொரு 'சென்னை'யிலும் ஒரு துதிக்கை.

1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. பெரியார் 1935 முதலே தம் பத்திரிகைகளில் கையாண்ட முறை அது. அதனால் பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. ணை, லை, ளை, னை என்ற நான்கும் துதிக்கையை இழந்தன. ணா, றா, னா என்ற மூன்றும், அவற்றின் ஒகர ஓகாரங்கள் ஆறும் வாற்சுழியை இழந்தன. கற்கும் பிள்ளைகளுக்கும் அச்சுக் கோப்போருக்கும் அது பெரிய சௌகரியம். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் 1962ல் ஆனைமலைக்குத் துதிக்கை உண்டு. நாம் பிறந்தது அந்த ஆணைக்குப் பத்தாண்டுக்கு மேல் பின்னால். நாம் கற்காத எழுத்து எழுத்தே அல்ல என்று தீர்ப்பெழுதிவிட்டோம்.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு தபால் கார்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டை நெடுநேரம் பார்த்தார். "நல்ல கையெழுத்து, தம்பி. இறங்கு கோடு எல்லாம் ஒரே கனம்" என்றார்.

"உங்களுக்குத் தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். ஏன் அங்கேயே சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"சொல்லாம என்ன? சொன்னேன். நான் சொன்னா அது பெயிண்டர் சொல்றது. நீங்க சொன்னது படிச்சவர் சொல்றது. அந்தத் தம்பியைக் குத்தம் சொல்ல முடியாது."

அன்றைய கூலியை நாம் நீட்டினோம். பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் திருப்பிக் கொடுத்தார். மற்றப் பாதி அந்த உதவி இயக்குநர் தர வேண்டியதாம்.

நம் மனச்சாட்சிக்கு ஆறுதல் தேடி உலகத்துப் படங்களில் நேர்ந்த எழுத்துப் பிழைகளை ஆராய்ந்தோம். 2014ல் வந்த 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஓட்டல்' என்ற ஆங்கிலப் படத்தில் ஒரு பலகாரக் கடையின் இளஞ்சிவப்புப் பெட்டி அடிக்கடி வருகிறது. அதில் 'பாத்திஸ்ஸெரி' என்னும் பிரெஞ்சுச் சொல்லில் ஒரு 'டி' அதிகமாக விழுந்துவிட்டது. எழுத்து வேலைக்குப் பொறுப்பாயிருந்த அன்னி அட்கின்ஸ் என்ற பெண்மணி அது தம் பிழை என்று பின்னால் தாமே எழுதியும் பேசியும் வருகிறார். படத்தில் தெரியும் இடங்களில் கணினியால் அதைத் திருத்தினார்கள். அவரிடம் நமக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. ஆறுதல் மட்டும் உண்டாகவில்லை. அங்கே பிழை சரியாயிற்று. இங்கே சரி பிழையாயிற்று.

சில வாரங்களுக்கு முன் படம் வெளிவந்தது. அண்ணாச்சியையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு போனோம். இரண்டு மணி நேரம் பாட்டும் அழுகையும் கடந்த பிறகு ரயில் நிலையம் வந்தது. கதாநாயகன் இறங்குகிறான், அவன் தலைக்குப் பின்னால் மஞ்சள் பலகை, முழுதாகத் தெரிந்தது மூன்று விநாடி இருக்கலாம். துரு, வெயில், மழை எல்லாம் ஏறி, பல ஆண்டு அங்கேயே நின்றது போல நின்றது. நாம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

அப்போது, நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் இரண்டாம் ஆண்டு தமிழ் படிக்கும் நம் மகள், இருட்டில் எழுந்து நின்று, "ஆ... னை... ம... லை" என்று உரக்கப் படித்தாள். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தெருவில் தமிழ்ப் பலகை பார்த்து வளர்ந்தவள் அல்லள். பாட நூலுக்கு வெளியே அவள் படித்த முதல் தமிழ்ப் பலகை அதுதான். துதிக்கை இருந்திருந்தால் அவளால் படித்திருக்க முடியாது.

அண்ணாச்சி சிரித்தார். "பாப்பா படிச்சிட்டாளே" என்றார். பிறகு நம் பக்கம் குனிந்து, "'ரோ'வுக்கு இடம் கொஞ்சம் குறைச்சுட்டேன் தம்பி, பார்த்தீங்களா?" என்று கேட்டார். நாம் பார்க்கவில்லை.